பொருக்கு

"இறுக்கிப் பிடி, துள்ளுது" என்றான் சுதாகரன்.

சுலோஜனா ஆட்டின் கழுத்தைத் தன் முழங்கால்களுக்கிடையில் நெருக்கி, இரண்டு காதுகளையும் பற்றிக்கொண்டாள். அவள் கணவன் தன் கைகளில் சொப்பிங் பைகளை மாட்டி, மணிக்கட்டில் றப்பர் பட்டி போட்டிருந்தான். உப்புத் தண்ணீரில் ஊறிய தேங்காய்த் தும்பை எடுத்து, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல ஆட்டின் உதட்டைத் தேய்த்தான். அடையடையாகக் கட்டியிருந்த கறுப்புப் பொருக்கு முதலில் அசையவில்லை. பிறகு ஒரு மூலையில் கிளம்பி, அடியிலிருந்த சீழையும் இழுத்துக்கொண்டு உரிந்து வந்தது. உள்ளே பச்சை இறைச்சி. அதில் இரத்தம் பொட்டுப் பொட்டாய்த் துளிர்த்தது. ஆடு கத்தவில்லை. தொண்டைக்குள் எதையோ உருட்டியது.

சுலோஜனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அழுகிய மீனின் நாற்றம் ஒரு பொருட்டில்லை. இது அப்படியில்லை. புளித்த பாலுக்குள் எலி செத்துக் கிடந்தால் வருகிற மாதிரி, இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். மூக்கைவிட்டு இறங்கி வாய்க்குள் வந்து தங்கியது. எச்சிலை விழுங்கவே அவளுக்கு அரியண்டமாக, அருவருப்பாக இருந்தது.

சுதாகரன் மோட்டார்சைக்கிளிலிருந்து வடித்த கழிவு ஒயிலைத் துணியில் தோய்த்து அந்தப் பச்சைப் புண்ணில் பூசினான்.

"பாத்தியா? இப்ப ஒண்டும் தெரியாது" என்று ஆட்டைத் தட்டிவிட்டான். "அடுத்ததக் கொண்டுவா."

எல்லாம் ஒரு கிடாயோடு வந்த வினை. சித்திரை முடிவில் சுதாகரன் மலைப்பக்கத்துப் பட்டியொன்றிலிருந்து பெரிய ஜமுனாபாரிக் கிடாய் ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் வாயோரத்தில் சிறு பொருக்கு இருந்தது. முள் கீறியது என்றான். சுலோஜனாவும் நம்பினாள். கச்சான் காற்று வீசத் தொடங்கி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் புல்லெல்லாம் கருகி, ஆடுகள் முட்பற்றைகளைக் கடித்துத் தின்கிற காலம் அது. பிறகு குட்டிகளின் உதடுகளில் சிவப்புப் பொட்டுகள் வந்தன. அவை கொப்புளமாகி, உடைந்து, காய்ந்து, பொருக்கின்மேல் பொருக்கு ஏறி மூக்குத் துவாரம்வரை படர்ந்தன. பால் குடித்த குட்டிகளின் வாயிலிருந்து அது தாய்களின் மடிக்கும் போனது. காம்பில் புண் வந்த மறிகள் குட்டிகளை உதைத்துத் தள்ளின. பொருக்கு அடைத்த வாயைத் திறக்க முடியாமல் குட்டிகள் மூக்கால் கத்தின.

வீடும் வளவும் சுலோஜனாவுக்கு அவள் தாய் சீதனமாகக் கொடுத்தவை. ஆடுகளும் அவள் ஒரு மறியிலிருந்து பெருக்கியவைதான். அவளால் குட்டிகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. சூப்பிப் போத்தலில் பால் கரைத்து, குட்டிகளின் வாயை விரலால் நெம்பித் திறந்து ஊட்டினாள். ஒரு குட்டியின் கீழ்ப்பல் அவளுடைய வலதுகைச் சுட்டுவிரலைக் கிழித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கிழிந்த இடத்தில் முதலில் நுளம்பு கடித்தது போல ஒரு தடிப்பு வந்தது. அது ஊதியது. நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வளையம், வெளியே மீண்டும் சிவப்பு. விரலில் ஒரு கண் முளைத்துத் தன்னையே பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. அதிலிருந்து சதா நீர் கசிந்தது. சோறு பிசையும்போது அதைப் பார்க்கக்கூடாது என்று இடது கையால், கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்தாள். அப்போதும் சோறு இறங்கவில்லை.

வேலிக்கு அப்பால் தங்கை கம்சாயினியின் வீடு. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. தினமும் பின்னேரம் குழந்தையைத் தூக்கப் போகிற சுலோஜனாவை ஒருநாள் அவள் படலையிலேயே மறித்தாள்.

"அக்கா, கோவிக்காத கா. பிள்ள சின்னன். உன்ட கை சுகமாகுமட்டும் இஞ்ச வராத."

"இது ஆட்டுப்பல் பட்டது கா."

"ஆட்டுப்பல் பட்டா இப்பிடியா வரும்?" கம்சாயினி விரலைப் பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்தாள். "ஊருக்குள்ள மாந்தீவுக் கதையெல்லாம் பறையிறாங்க. எனக்குப் பயமாக் கிடக்கு."

மாந்தீவு வாவிக்கு நடுவில் கிடக்கிறது. தொழுநோய்க்காரரை ஒருகாலத்தில் அங்கேதான் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் சுலோஜனா படலையிலிருந்து திரும்பி வந்தாள். அன்றிலிருந்து சுதாகரனுக்குச் சோறு வேலிக்கு மேலால் கம்சாயினி வீட்டிலிருந்து வந்தது. அவன் அதை வாங்கி, மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான். பாயை விறாந்தையின் மறு மூலைக்கு மாற்றிக்கொண்டான். சுலோஜனா விரலைச் சீலைத் துணியால் சுற்றி, கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒரு காலையில் குட்டியொன்று செத்துக் கிடந்தது. கடைவாயில் ஏதோ அசைவது தெரிந்து, குச்சியால் உதட்டை விலக்கினாள். புண்ணுக்குள் புழு. வெள்ளை வெள்ளையாய், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. அதன் பக்கத்தில் இன்னொரு குட்டி உயிரோடு படுத்திருந்தது. அதன் வாயிலும் ஈ முட்டை இட்டிருந்தது. சுலோஜனா கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பால் சேகரிக்கும் இடத்துச் சுவரில் எழுதியிருந்த மிருக வைத்தியரின் இலக்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"உனக்கு விசரா?" சுதாகரன் கத்தினான். "கால்-வாய் நோய் எண்டு சொல்லி அவங்க பட்டிய மூடினா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு ஆடும் போகாது. முனாப் நானாக்கு நாலு கிடாய் விக்கிறன் எண்டு நான் வாக்குக் குடுத்திட்டன். ஊர்ச் சனமும் நம்மளத்தான் தூத்தும்."

"குட்டிக்கு வாயெல்லாம் புழு."

"அதுக்கு? ஒயில் பூசினா போயிடும்."

அவன் கொட்டிலுக்குள் போனான். கொழுத்த கிடாய்கள் நாலையும் அவிழ்த்து, வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் நிஸ்றா என்ற இளம் மிருக வைத்தியர் மண்முனைப் பாலத்தால் ஸ்கூட்டரில் வந்தார். ஏறாவூர்க்காரி. படலைக்கு வெளியிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, முழங்கால்வரை பூட்ஸ், கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே காலை வைத்தார். முதல் ஆட்டின் தாடையைத் தூக்கியதும் அவர் புருவம் சுருங்கியது.

"இது என்ன பூசியிருக்கீங்க?"

"வேப்பெண்ணெய், டொக்டர்" என்றான் சுதாகரன்.

"வேப்பெண்ணெய் இப்பிடியா மணக்கும்? இது என்சின் ஒயில்." அவர் பஞ்சால் துடைத்தார். பஞ்சில் கறுப்பும் சிவப்பும் வந்தன. அடுத்த ஆடு, அதற்கடுத்தது, மறிகளின் மடி, எல்லாவற்றிலும் அதே கறுப்பு. "ஆரு இதெல்லாத்தையும் உரிச்ச?"

சுதாகரன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நிஸ்றா குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். சில ஆடுகளுக்குக் குளம்பின் மேல் விளிம்பிலும் புண் இருந்தது. அதற்கும் ஒயில். அவர் நிமிர்ந்து, சுலோஜனாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஒரு நோயக் கண்டுபிடிக்கணும் எண்டா புண்ணப் பாக்கணும். அது கொப்புளமா வந்திச்சா, கட்டியா வந்திச்சா, பொருக்கு எப்பிடிக் கிடந்திச்சி எண்டு பாக்கணும். இஞ்ச புண்ணுக்கு முகமே இல்லாமப் பண்ணி வெச்சிருக்கீங்க. வாயிலயும் புண், காலிலயும் புண். கால்-வாய் நோயாவும் இருக்கலாம். பக்கத்தில மாடுகளுக்கு ஏதும் வருத்தம்?"

"இல்ல டொக்டர். எல்லாம் ஒண்டாத்தான் மேயுது. மாடுகளுக்கு ஒண்டுமில்ல" என்றாள் சுலோஜனா.

"அது நல்ல சேதிதான். எண்டாலும் அத மட்டும் வெச்சி நான் சொல்ல ஏலாது. நிச்சயமாத் தெரியுமட்டும் ஒரு ஆடும் இந்த வளவ விட்டுப் போகக்கூடாது. இவ்வளவுதானா ஆடு?"

"ஓம், இவ்வளவுதான்" என்றான் சுதாகரன்.

சுலோஜனா நிலத்தைப் பார்த்தாள். சொல்லவேண்டும் என்று நாக்குவரை வந்தது. அவன் பார்வை தன்மேல் இருப்பது தெரிந்து விழுங்கிக்கொண்டாள்.

"வீட்டில ஆருக்கும் கையில புண் ஏதும் வந்திச்சா?"

"இல்ல" என்றான் சுதாகரன், கேள்வி முடியும் முன்னமே.

நிஸ்றா அவனைப் பார்க்கவில்லை. பாவாடை மடிப்புக்குள் கிடந்த சுலோஜனாவின் கையைப் பார்த்தார். "அக்கா?"

சுலோஜனா கையை எடுத்தாள். துணியின் சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது மஞ்சள் நீர் நூலாய்த் தொங்கியது. துணியிலிருந்தும் அந்த நாற்றமே வந்தது. வைத்தியரின் தலை சற்றுப் பின்னால் போனதை அவள் கண்டாள். 'இவரும்தான்' என்று நினைத்துக் கையை இழுக்கப் போனாள். அதற்குள் நிஸ்றா அந்த மணிக்கட்டைப் பிடித்து, விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எப்ப வந்த?"

"குட்டிக்குப் பால் குடுக்கக்க பல்லுப் பட்டது. அதுக்குப் பிறகுதான்."

"காய்ச்சல் வந்திச்சா? கமக்கட்டுக்குள்ள நோகுதா?"

"கொஞ்சம் நொந்திச்சி. இப்ப இல்ல."

நிஸ்றா விரலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, போனில் படம் எடுத்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"அக்கா, நான் இவ்வளவு நேரமாத் தேடின புண் இதுதான். ஒருத்தரும் உரிக்காத, ஒயில் பூசாத புண். இதுக்கு ஓர்ஃப் எண்டு பேர். ஒரு வைரஸ். ஆட்டுட வாயில, மடியில, சில நேரம் குளம்படியிலயும் வரும். காயம் பட்ட கையால தொட்டா மனிசருக்கும் வரும். கால்-வாய் நோய் மனிசர்ர விரல்ல இப்பிடி வளையம் கட்டாது."

"அப்ப... இது மாந்தீவு வருத்தம் இல்லையா?"

"ஆரு அக்கா சொன்ன?" நிஸ்றாவுக்குக் கோபம் வந்தது. "அந்த வருத்தத்துக்கே இப்ப குளிசை மருந்து இரிக்கி, அதுக்கும் ஒருத்தரையும் ஒதுக்கி வைக்கத் தேவல்ல. இது அதுவுமில்ல. தானாக் காஞ்சி விழுந்திடும். வெட்ட விடாதீங்க, கிள்ளாதீங்க. மூடி வைங்க. ஆஸ்பத்திரியில காட்டி, ஆடு வளக்கிற எண்டு சொல்லுங்க. பிள்ளையள் தொடாமப் பாருங்க. மத்தப்படி நீங்க சமைச்சதத் திண்டு ஆருக்கும் இது வராது."

சுதாகரன் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆனா நான் சொன்னா மட்டும் போதாது" என்றார் நிஸ்றா. "ஆய்வுகூடத்துக்குப் பொருக்கு அனுப்பணும். உரிச்சதெல்லாம் எங்க?"

"எரிச்சாச்சி" என்றான் சுதாகரன்.

"எரிக்கல்ல டொக்டர். வாங்க" என்றாள் சுலோஜனா.

கொட்டிலுக்குப் பின்னால், வாழையடிக் குழியில் எல்லாம் கிடந்தன. சீழில் ஊறிய தும்பு, மயிரோடு உரிந்த பொருக்குகள், ஒயில் துணிகள். அவற்றுக்கு மேல் நேற்றுச் செத்த குட்டியை அவன் அரைகுறையாக மூடியிருந்தான். வயிறு ஊதி, மண்ணைப் பிளந்து வெளியே வந்திருந்தது. கிட்டப் போனதும் பச்சை ஈக்கள் ஒரு போர்வையாய்க் கிளம்பி அவர்களின் முகத்தில் மோதின. நிஸ்றா இடுக்கியால் பொருக்குகளைத் தேடிப் பொறுக்கிச் சிறு போத்தலில் போட்டார். மூடியைத் திருகி முடிக்கும்வரை தாங்கினார். பிறகு முகக்கவசத்தை இழுத்துவிட்டு, வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார்.

சுலோஜனா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தன் விரலை நினைத்துக் கொடுக்காமல் நின்றாள். நிஸ்றா எட்டி வாங்கிக் கொப்பளித்தார்.

"எனக்கும் குமட்டும் அக்கா. படிச்சி முடிச்சா போயிடும் எண்டு நினைச்சன். போகல்ல."

அவர் போகும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்: பொருக்கை உரிக்கக் கூடாது, விழுகிற பொருக்கில்தான் வைரஸ் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும், ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும், குட்டிகளுக்கு ஊட்டும்போது கையுறை, ஈக்கு ஸ்பிரே, ஒரு ஆடும் வெளியே போகக்கூடாது. கையுறைப் பெட்டி ஒன்றையும் மருந்தையும் திண்ணைக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் முனாப் வந்தார். காத்தான்குடி ஆட்டு வியாபாரி. சின்ன லொறியில் வேறு வளவுகளில் எடுத்த ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. சுதாகரன் ஒன்றும் நடக்காதவன் போலக் கண்டல் பற்றையிலிருந்து நாலு கிடாய்களையும் ஓட்டிவந்தான். அவற்றின் முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசியிருந்தான். மூஞ்சி பளபளத்தது.

"மாஷா அல்லாஹ், நல்ல உருப்படி" என்றார் முனாப். "வயசுப் பல்லுப் பாப்பம்."

"நான் காட்டுறன் நானா, நீங்க கஷ்டப்படாதீங்க." சுதாகரன் கிடாயின் தலையை ஒருக்களித்துப் பிடித்து, நல்ல பக்கத்து உதட்டை மட்டும் விலக்கிக் காட்டினான். வெறுங்கையால். முன்பு பையில்லாமல் தொடாத வாயை இப்போது சிரித்துக்கொண்டு தடவிக்கொடுத்தான்.

சீழைக் கண்டு சுலோஜனாவுக்கு வந்த குமட்டல் தொண்டையோடு நின்றது. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. லொறியில் நின்ற ஆடுகளைப் பார்த்தாள். அவற்றின் உதடுகள் சுத்தமாக, ஈரமாக இருந்தன. ஒரு குட்டைக் கொம்பு மறி பலகை இடைவெளியால் நாக்கை நீட்டி எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

"நானா" என்றாள். "மத்தப் பக்கத்து உதட்டையும் தூக்கிப் பாருங்க."

"நீ உள்ளுக்குப் போ" என்றான் சுதாகரன்.

"பாருங்க நானா. குளம்படியையும் பாருங்க."

முனாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிடாயின் தாடையைத் தன் பக்கம் இழுத்து, உதட்டைத் தூக்கினார். எண்ணெய்ப் பளபளப்புக்கு அடியில் உதடு தோலில்லாமல் இருந்தது. ஈறில் புதிய கட்டிகள், அவற்றின் நடுவில் வெள்ளைச் சீழ். அவர் விரல் பட்டதும் ஒன்று உடைந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்!" கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். "சுதாகரன், குர்பானுக்கு இதையா தரப் பாத்த? இத என்ட மத்த ஆடுகளோட ஏத்தியிருந்தா?"

"சின்னப் புண் நானா, முள்ளுக்..."

"வாய மூடு."

"கையக் கழுவுங்க நானா, தொத்துற வருத்தம்" என்று சுலோஜனா ஓடிப்போய்ச் சவுக்காரம் கொண்டுவந்து நீட்டினாள். முனாப் வாங்கவில்லை. அவர் கண் அவளுடைய சுட்டுவிரலில் சுற்றியிருந்த துணியில் நின்றது.

"அந்தக் கல்லில வைங்க தங்கச்சி" என்றார்.

அவள் வைத்தாள். அவர் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். லொறியில் ஏறும்போது, "சொன்னது பெரிய காரியம்" என்று அவளிடம் சொன்னார். அப்போதும் அவள் கையைப் பார்க்காமல்தான் சொன்னார்.

லொறி போனதும் சுதாகரன் சவுக்காரத்தைக் காலால் உதைத்தான்.

"வியாதிக்காரி! உன்ட அழுகல் கையோட நீ எனக்கு நியாயம் சொல்லுறியா?"

"போங்க" என்றாள் சுலோஜனா. "கத்தாமப் போங்க."

அவன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடியில் இருக்கிற தன் தாய்வீட்டுக்குப் போனான்.

பொருக்கில் ஓர்ஃப் வைரஸ்தான் இருந்தது என்று ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்ததாக நிஸ்றா போனில் சொன்னார். ஹஜ் பெருநாள் வந்து போனது. சுலோஜனா தனியே கிடங்கு வெட்டினாள், சுண்ணாம்பு போட்டாள், கொட்டிலின் பழைய பலகைகளை எரித்தாள். காலையும் மாலையும் கையுறையோடு குட்டிகளுக்கு ஊட்டினாள். இன்னும் இரண்டு குட்டிகள் செத்தன. மற்றவற்றின் பொருக்குகள் காய்ந்து, தானாகச் சுருங்கி, ஒருநாள் தீனிப் பெட்டியில் விழுந்து கிடந்தன. அவற்றையும் பொறுக்கிப் புதைத்தாள். ஒவ்வொரு முறையும் ஓங்காளித்தாள். பழகவே இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டிய விரலும் அப்படியே காய்ந்து, இளஞ்சிவப்புத் தோல் வந்தது.

கம்சாயினி ஒரு பின்னேரம் குழந்தையோடு படலையில் வந்து நின்று அழுதாள். சுலோஜனா திட்டவில்லை. குழந்தையையும் உடனே வாங்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் கா" என்றாள்.

ஒரு மத்தியானம் சுதாகரன் வந்தான். ஆடுகளைப் பார்த்தான். அவள் கையை இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா மாறிட்டே. நான் அப்பவே சொன்னன்தானே, ஒண்டுமில்ல எண்டு. சோறு போடு, பசிக்கிது."

சுலோஜனா சோறும் மீன்குழம்பும் போட்டாள். அவன் விறாந்தையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து பிசைந்தான். குழம்பு விரலிடுக்கால் வழிந்தது. அதை நக்கினான். கடைவாயில் பருக்கை ஒட்டியிருந்தது. முனாப் முன்னால் கிடாயின் மூஞ்சியைத் தடவியபடி சிரித்த அதே சிரிப்போடு, "முனாப் போனாப் போகட்டும், கிடாய் எடுக்க வேற ஆள் பிடிச்சிருக்கன்" என்றான்.

அவள் எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினாள். கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். வெறும் பித்தநீர்தான் வந்தது.

திரும்பி வந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. "என்னகா, பிள்ளையா?"

"இல்ல." அவள் வாயைத் துடைத்தாள். "உங்களப் பாக்க அரியண்டமாக் கிடக்கு."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆட்டுச் சீழுக்கு இப்பிடி வரல்ல" என்றாள் அவள். "திண்டிட்டுப் போங்க. கொம்மா வீட்டுக்குப் போங்க. இஞ்ச இருக்க வேணாம்."

"இது என்ட வீடு."

"இல்ல. இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு."

அவன் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பினான். அவள் தட்டை எடுக்கவில்லை. கிணற்றடியைக் காட்டினாள். அவன் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலையைத் தாண்டினான். சுலோஜனா படலையைச் சாத்திவிட்டு, மறிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.